எஞ்சின் மாறினால் வெப்பமானி பொய் சொல்லுமா?

மாணவ நண்பர்களே, பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு மலைப்பாதை வழியாக எப்போதாவது போயிருக்கிறீர்களா? போயிருந்தால் ஒரு காட்சி உங்கள் கண்ணில் பட்டிருக்கும். வளைவு ஒன்றின் ஓரத்தில் பழைய கார் ஒன்று பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும். ரேடியேட்டரிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பும். ஓட்டுநர் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூடியைத் திறப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பார். (சூடு ஆறும் வரை திறக்கக் கூடாது என்பதே சரியான விடை.)

ஏன் இப்படி ஆகிறது? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழனி கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆகவே ஏற வேண்டிய உயரம் சுமார் 1,800 மீட்டர். ஆட்களும் மூட்டை முடிச்சுகளும் சேர்ந்து 1,500 கிலோகிராம் எடையுள்ள காரை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு 1,500 × 9.8 × 1,800, அதாவது சுமார் 2 கோடியே 65 லட்சம் ஜூல் வேலை செய்தாக வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் எரிபொருள் தரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போய்விடுகிறது. மீதமுள்ள பங்கு எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரில் இறங்குகிறது. அப்படியானால் அந்தத் தண்ணீருக்கும் ஏறக்குறைய அதே 2 கோடியே 65 லட்சம் ஜூல் போய்ச் சேருகிறது. 30 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையிலுள்ள பச்சைத் தண்ணீர் 90 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இந்த வெப்பம் போதும்! இவ்வளவையும் ரேடியேட்டர் காற்றில் இறைத்துத் தள்ள வேண்டும். வண்டியோ மெதுவாக ஏறுகிறது, எதிர்க்காற்று குறைவு. போதாதற்கு, மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தியும் குறைகிறது.

இந்த நெருக்கடியில் ஓட்டுநருக்கு உள்ள ஒரே துணை, முன்பலகையில் இருக்கும் ஒரு சின்ன முள். பட்டறைகளில் அதை 'ஹீட் மீட்டர்' என்பார்கள். அந்த முள்ளே பொய் சொன்னால்?

பழனியை அடுத்து, மலையடிவாரத்தில் பாலசமுத்திரம் என்ற பேரூர் இருக்கிறது. அங்கே ஒருவரிடம் பழைய அம்பாசிடர் கார் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரைத் தழுவி, கல்கத்தாவுக்கு அருகில் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் தயாரித்த வண்டி அது. 1950-களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை அது தயாரிக்கப்பட்டது. நெடுங்காலம் அதில் இருந்தது 1,489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள எஞ்சின். 1990-களில் ஜப்பானின் இசுசு நிறுவன வடிவமைப்பில் அமைந்த 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் அதில் வந்தது. எஞ்சினைக் கழற்றி வேறு எஞ்சினை வைப்பது நம் ஊர்களுக்குப் புதிதல்ல. பெட்ரோலைவிட டீசல் வெகு மலிவாக இருந்த காலத்தில் எத்தனையோ அம்பாசிடர்களும் ஜீப்புகளும் டீசல் எஞ்சினுக்கு மாறின. நம் பாலசமுத்திரம் காரிலும் பழைய எஞ்சின் தேய்ந்துபோக, கணினிக் கட்டுப்பாடு உள்ள பிற்கால எஞ்சின் ஒன்றை வைத்துவிட்டார்கள் என்று கொள்வோம். எஞ்சின் புதியது, முன்பலகையும் அதிலுள்ள முள்ளும் பழையவை. மெக்கானிக் புதிய எஞ்சினில் இருந்த வெப்ப உணர்வியின் கம்பியைப் பழைய முள்ளோடு இணைத்துவிட்டார். முள்ளும் அசைந்தது. "பார்த்தீர்களா அண்ணே, வண்டி சூடே ஆகிறதில்லை!" என்று சொல்லிச் சாவியையும் கொடுத்துவிட்டார்.

வில்லங்கம் இங்கேதான் தொடங்குகிறது.

முள் எப்படித் தெரிந்துகொள்கிறது?

மிகப் பழைய வண்டிகளில் மின்சாரமே கிடையாத வெப்பமானிகள் இருந்தன. எஞ்சின் தண்ணீருக்குள் ஒரு சிறு குமிழ். அதில் எளிதில் ஆவியாகும் திரவம். அங்கிருந்து முன்பலகை வரை தலைமுடி போன்ற நுண்துளையுள்ள செம்புக் குழாய். சூடு ஏறினால் ஆவியின் அழுத்தம் ஏறும். வளைந்த தட்டைக் குழாய் ஒன்று அந்த அழுத்தத்தால் நிமிர்ந்து முள்ளைத் தள்ளும். இந்த வளைகுழாயைக் கண்டவர் பிரான்ஸ் நாட்டின் யூஜீன் போர்டான். 1849-இல் அதற்கு அவர் காப்புரிமை பெற்றார். குழாய் எங்காவது மடிந்து உடைந்தால் அதோடு சரி.

பின்னர் வந்தது தெர்மிஸ்டர். செம்பு போன்ற உலோகங்களைச் சூடாக்கினால் மின்தடை கூடும் என்று பாடத்தில் படித்திருக்கிறீர்கள். சில பொருள்கள் இதற்கு நேர்மாறானவை. வெள்ளி சல்பைடைச் சூடாக்கினால் அதன் மின்தடை குறைவதை 1833-இலேயே மைக்கேல் ஃபாரடே கண்டார். அது குறைகடத்தி என்பதும், சூடு ஏற ஏற அதில் கட்டிலிருந்து விடுபடும் எலக்ட்ரான்கள் பெருகுகின்றன என்பதும் வெகு காலம் கழித்துத்தான் விளங்கின. இந்தப் பண்பைப் பயன்படுத்தும் வணிகத் தெர்மிஸ்டரை 1930-இல் உருவாக்கியவர் அமெரிக்கரான சாமுவேல் ரூபன். இன்று மாங்கனீசு, நிக்கல், கோபால்ட் ஆகியவற்றின் ஆக்சைடுகளைச் சேர்த்துச் சுட்டு, மிளகு அளவில் அதைச் செய்கிறார்கள். ஒரு பித்தளைக் கூட்டுக்குள் அதை அடைத்து, வெளியே மரை போட்டால் கார் எஞ்சினுக்கான வெப்ப உணர்வி தயார்.

முள்ளின் பக்கம் என்ன நடக்கிறது? பேட்டரியிலிருந்து வரும் மின்னோட்டம் முள்ளின் கருவி வழியாக உணர்விக்குப் போய், எஞ்சினின் இரும்பு உடல் வழியாகத் திரும்புகிறது. எஞ்சின் சூடானால் உணர்வியின் தடை குறையும், மின்னோட்டம் கூடும். பல பழைய வண்டிகளில் அந்த மின்னோட்டம் ஈருலோகப் பட்டை ஒன்றைச் சூடாக்கி வளைக்கிறது, முள் நகர்கிறது. சாவியைத் திருப்பியதும் முள் துள்ளாமல் சோம்பலாக எழுவது இதனால்தான்.

கவனியுங்கள்: முள்ளுக்கு வெப்பநிலை தெரியாது. அதற்குத் தெரிந்தது மின்னோட்டம் ஒன்றே. "இவ்வளவு மின்னோட்டம் வந்தால் இவ்வளவு சூடு" என்று தொழிற்சாலையில் அதன் முகத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த எழுத்து, அதற்கென்று செய்த உணர்விக்கு மட்டுமே பொருந்தும்.

ஒரே சூடு, இரண்டு எண்கள்

முள்ளுக்காகச் செய்த ஓர் உணர்வி. கணினிப் பெட்டிக்காகச் செய்த ஓர் உணர்வி. கார்களில் பரவலாகக் காணப்படும் இவ்விரு வகைகளின் தடையை ஏறத்தாழத் தருகிறேன். முதல் வகையில் 40 டிகிரியில் 290 ஓம், 60-இல் 135, 80-இல் 70, 100-இல் 38, 120-இல் 23. இரண்டாம் வகையில் 40 டிகிரியில் 1,180 ஓம், 60-இல் 600, 80-இல் 320, 100-இல் 186, 120-இல் 113.

இனி பாலசமுத்திரம் காருக்கு வருவோம். மலை ஏறும்போது தண்ணீர் 100 டிகிரிக்கு வந்துவிட்டது. உணர்வியின் தடை 186 ஓம். பழைய முள் இதை எப்படிப் படிக்கும்? அதன் கணக்கில் 290 ஓம் என்றால் 40 டிகிரி, 135 ஓம் என்றால் 60 டிகிரி. ஆகவே 186 ஓமை அது 52 டிகிரி என்று காட்டும்! தண்ணீர் 120 டிகிரியைத் தொட்டு எஞ்சினே கெடும் நிலையில்கூட அது 65 டிகிரிதான் காட்டும். வண்டி சூடே ஆகவில்லை என்று மெக்கானிக் மகிழ்ந்ததன் பொருள் இதுதான்.

இதன் விலை என்ன தெரியுமா? புதிய எஞ்சின்களில் மேற்பகுதியான சிலிண்டர் ஹெட் பெரும்பாலும் அலுமினியம். கீழே பல எஞ்சின்களில் வார்ப்பிரும்பு. 40 சென்டிமீட்டர் நீளமுள்ள ஹெட் வழக்கத்தைவிட 50 டிகிரி கூடுதலாகச் சூடானால் அலுமினியம் 0.46 மில்லிமீட்டர் நீள்கிறது; இரும்போ 0.22 மில்லிமீட்டர்தான். போல்ட்டுகள் இரண்டையும் இறுகப் பிடித்திருப்பதால் ஹெட் கோணுகிறது. இடையிலுள்ள கேஸ்கட் கிழிகிறது. வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவருக்கு அது பல நாள் வருமானம்.

தவறு எதிர்ப்பக்கமும் நிகழலாம். கணினிப் பெட்டிக்கு முள்ளின் உணர்வியைக் கொடுத்தால், 40 டிகிரியில் அது தரும் 290 ஓமைக் கண்டு, எஞ்சின் 80 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று கணினி நம்பிவிடும். குளிர்ந்த எஞ்சினுக்குத் தேவையான கூடுதல் பெட்ரோலைத் தராது. மார்கழி காலையில் வண்டி இருமிக்கொண்டே நிற்கும்.

தடையைத் தட்டிச் சரிசெய்யலாமா?

கெட்டிக்கார மாணவர் ஒருவர் இப்போது கை தூக்குவார். "ஐயா, 186 ஓமோடு இன்னொரு மின்தடையைப் பக்க இணைப்பில் வைத்தால் 38 ஓம் ஆக்கிவிடலாமே?" நல்ல கேள்வி, செய்து பார்ப்போம். 1/38-லிருந்து 1/186-ஐக் கழித்துத் தலைகீழாக்கினால் சுமார் 48 வருகிறது. கடையில் 47 ஓம் கிடைக்கும். அதை இணைத்தால் 100 டிகிரியில் முள் அச்சாக 100 காட்டும். வெற்றி!

அவசரப்படாதீர்கள். 60 டிகிரியில் என்ன ஆகும்? 600 ஓமும் 47 ஓமும் பக்க இணைப்பில் சேர்ந்தால் சுமார் 44 ஓம். முள் இதை 95 டிகிரி என்று படிக்கும். 40 டிகிரியில் 45 ஓம். முள் 94 என்னும். உண்மையில் 120 டிகிரி ஆகும்போது 33 ஓம். முள் 105 என்னும். அதாவது எஞ்சின் 40-லிருந்து 120 வரை ஏறும்போது முள் 94-லிருந்து 105 வரை நகர்ந்து, தூங்குமூஞ்சி போல ஒரே இடத்தில் நிற்கும். ஒரு புள்ளியில் பொருத்தி, மற்ற எல்லாப் புள்ளிகளையும் கெடுத்துவிட்டோம். தெர்மிஸ்டரின் கோடு நேர்கோடு அல்ல, செங்குத்தாக விழும் வளைகோடு. நிலையான தடை ஒன்று அந்த வளைவைத் தட்டையாக்கிவிடுகிறது.

சரி, கணினியின் உணர்வியை விட்டுவிடாமல் அதே கம்பியிலிருந்து முள்ளுக்கும் ஒரு கிளை இழுத்தால்? அதுவும் கூடாது. கணினிப் பெட்டி தன் 5 வோல்ட்டை உள்ளே உள்ள ஒரு தடை வழியாக அனுப்பி, உணர்வியின் மேல் எவ்வளவு வோல்ட் விழுகிறது என்று அளக்கிறது. அந்தத் தடை 2,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 80 டிகிரியில் 0.69 வோல்ட். இந்த நுட்பமான அளவின் நடுவே முள்ளிலிருந்து பேட்டரியின் மின்னோட்டம் வந்து புகுந்தால் இரண்டு கணக்குகளும் பாழ்.

ஆகவே சரியான வழி ஒன்றே: கணினிக்கு அந்த எஞ்சினோடு வந்த உணர்வி, முள்ளுக்கு அந்த முள்ளோடு வந்த உணர்வி. எஞ்சினில் இரண்டும் தனித்தனியே இருக்கட்டும். சில ஐரோப்பிய கார்களில் ஒரே கூட்டுக்குள் இரண்டு தெர்மிஸ்டர்களை வைத்து நான்கு முனைகள் கொடுத்திருப்பார்கள். அங்கும் சுற்றுகள் இரண்டுதான்.

மரை என்னும் வம்பு

இப்போது பழைய உணர்வியைப் புதிய எஞ்சினில் திருக வேண்டும். திருகிப் பார்த்தால் இரண்டு சுற்று போய் நின்றுவிடும். சிறு உணர்விகளில் 'அரைக்கால் அங்குலக் குழாய் மரை' என்பது மிகச் சாதாரணம். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதன் வெளிவிட்டம் அரைக்கால் அங்குலம், அதாவது 3 மில்லிமீட்டர் அல்ல! அந்த அளவு பழங்காலத்தில் குழாயின் உள்துளையைக் குறித்தது. பிரிட்டிஷ் மரையில் வெளிவிட்டம் 9.7 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 28 சுற்று. அமெரிக்க மரையில் 10.3 மில்லிமீட்டர், 27 சுற்று. இவற்றோடு 10 மில்லிமீட்டர் விட்டமும் 1 மில்லிமீட்டர் புரியிடையும் உள்ள மெட்ரிக் மரையும் சேர்ந்துகொள்கிறது. மூன்றையும் மேசைமேல் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் பித்தளை இறங்கத்தான் செய்யும். ஆனால் அலுமினிய ஹெட்டின் மரை நசுங்கிப்போகும், சில வேளை ஹெட்டே விரியும். மரை அளக்கும் கேஜ் எந்த லேத் பட்டறையிலும் இருக்கும். ஐந்து நிமிட வேலை.

மரை வேறாக இருந்தால் லேத்தில் பித்தளை அடாப்டர் கடைந்து வாங்கலாம். அடாப்டர் நீளமாகிவிட்டால் உணர்வியின் மூக்கு தண்ணீரைத் தொடாமல் உள்ளே ஒளிந்துகொள்ளும். அங்கே தேங்கிய தண்ணீரின் சூட்டைத்தான் அது அளக்கும். கசிவை நிறுத்த டெஃப்லான் நாடாவைத் தலைப்பாகை போலச் சுற்றுவதும் தவறு. ஒற்றைக் கம்பி உணர்விக்கு அதன் மரைதான் திரும்பு வழி. அந்த இடத்தில் வெறும் 20 ஓம் தடை கூடினால் என்ன ஆகும் என்று பாருங்கள். 100 டிகிரியில் 38 ஓம் என்பது 58 ஆகும். முள் 86 டிகிரி காட்டும். 14 டிகிரி பொய்! அதே 20 ஓம் கணினியின் உணர்வியில் சேர்ந்தால் பிழை 4 டிகிரிக்கும் குறைவு. சிறிய தடையில் வேலை செய்யும் கருவிக்குச் சிறிய அழுக்கும் பெரிய எதிரி.

எங்கே பொருத்துவது? எஞ்சினிலிருந்து தண்ணீர் வெளியேறும் இடத்தில் தெர்மோஸ்டாட் என்ற கதவு இருக்கிறது. பல வண்டிகளில் அது 80 டிகிரியை ஒட்டித் திறக்கும். உணர்வி அந்தக் கதவுக்கு உள்பக்கம், எஞ்சின் பக்கம் இருக்க வேண்டும். மேல் ரப்பர் குழாயை வெட்டி நடுவே ஓர் உலோக வளையம் வைத்து அதில் உணர்வியைத் திருகுவது எளிய வழி. கடைகளிலும் அந்த வளையம் கிடைக்கிறது. ஆனால் கதவு திறக்காமல் சிக்கிக்கொண்டால், உள்ளே எஞ்சின் வெந்துகொண்டிருக்க, வெளியே குழாய் குளிர்ந்தே இருக்கும். முள்ளும் சாதுவாக இருக்கும். மேலும் அந்த வளையம் இரண்டு ரப்பர் குழாய்களுக்கு நடுவே தொங்குவதால் அதற்கு எர்த் கிடையாது. தனிக் கம்பி இழுத்து எஞ்சின் உடலோடு சேர்க்காவிட்டால் முள் எழவே எழாது.

இவ்வளவும் சரியாகச் செய்த பின்னும் ஒரு பொய் பாக்கி இருக்கிறது. மலைப்பாதை ஓட்டுநர்கள் கட்டாயம் அறிய வேண்டியது அது. தண்ணீர் கசிந்து வெளியேறிவிட்டால் உணர்வியின் மூக்கு காற்றிலும் ஆவியிலும் நிற்கும். தண்ணீரைப் போல் அவை சூட்டைக் கடத்துவதில்லை. உயர்ந்துகொண்டிருந்த முள் திடீரென்று கீழே இறங்கும். "அப்பாடா, ஆறிவிட்டது" என்று நினைத்து மிதித்தால் எஞ்சின் போயிற்று. ஏற்றத்தில் காரணமின்றி முள் இறங்கினால் வண்டியை ஓரங்கட்ட வேண்டும்.

எஞ்சினை மாற்றுவது பட்டறையோடு முடியும் வேலையும் அல்ல. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவில் இதற்கு விதிகள் வகுத்திருக்கிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதியும் பதிவுச் சான்றில் திருத்தமும் வேண்டும்.

செய்து பாருங்கள்

பழைய உதிரிபாகக் கடையில் வெப்ப உணர்விகள் இரண்டு மூன்று வாங்குங்கள். சிலவற்றில் தெர்மிஸ்டர் இருக்கும். சில, விசிறியை இயக்கும் வெறும் சுவிட்சுகள். தோற்றத்தில் எல்லாம் ஒன்றே. ஆசிரியர் முன்னிலையில், ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் உணர்வியின் மூக்கு மட்டும் மூழ்கும்படி கம்பியில் தொங்கவிடுங்கள். கூடவே வெப்பமானியையும் தொங்கவிடுங்கள். இரண்டும் பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது. உணர்வி ஒற்றை முனை உள்ளதானால் மல்டிமீட்டரின் ஒரு கம்பியை முனையிலும் மற்றதை மரையிலும் வையுங்கள். மெதுவாகச் சூடாக்கி, 10 டிகிரிக்கு ஒரு முறை தண்ணீரைக் கலக்கிவிட்டுத் தடையைக் குறித்துக்கொள்ளுங்கள். படிப்படியாகக் குறைந்தால் தெர்மிஸ்டர். ஒன்றுமே காட்டாமல் இருந்து ஒரு கட்டத்தில் சட்டென்று சுழிக்கு விழுந்தால் சுவிட்சு. சுவிட்சு கொதிநீரிலும் மாறாமல் இருக்கலாம். அதன் எல்லை அதற்கு மேலே இருக்கக்கூடும்.

குறித்த எண்களை வரைபடத் தாளில் போட்டு, மேலே நான் கொடுத்த இரண்டு வரிசைகளில் எதற்கு அருகில் வருகிறது என்று பாருங்கள். பாலசமுத்திரத்திலோ திண்டுக்கல்லிலோ செய்தால் தண்ணீர் 99 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். 100-க்கான புள்ளியை ஏறக்குறையப் பெற்றுவிடலாம். கொடைக்கானல் மாணவர்களுக்கு அந்த வசதி இல்லை. அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்து, அதற்கு மேல் ஏற மறுத்துவிடும். காரின் ரேடியேட்டரில் அழுத்த மூடி இருப்பதால்தான் அதே ஊரில் அதன் தண்ணீர் 110 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. கொடைக்கானலில் செய்கிறவர்கள் கடைசிப் புள்ளியை 90-இல் வைத்துக்கொள்ளுங்கள்.